உங்களுக்குத் தெரியுமா? வெள்ளவத்தையில் ஏறி, தீவுகளில் இறங்கி

தனியாகக் கடற்கரைக்குப் போகிறேன் என்றால் வீட்டில் முதலில் வரும் கேள்வி, "ஆர் துணைக்கு?" என்பதுதான். கொழும்பிலிருந்து கரைகளுக்கும் தீவுகளுக்கும் பல வருடமாகத் தனியே போய் வந்ததில் எனக்குத் துணையாக நின்ற தகவல்கள் இவை. நீங்களும் கொண்டுபோங்கள்.

◆ வெள்ளவத்தை ரயில் நிலையத்து மேடையில் நின்றால், சில நாட்களில் கடல் நீர் முகத்தில் தெறிக்கும். தண்டவாளத்துக்கும் அலைக்கும் நடுவில் இருப்பது கருங்கல் அணை மட்டுந்தான். இந்தக் கரையோரப் பாதை 1895இல் மாத்தறையைத் தொட்டது. 2019இல் பெலியத்த வரை நீண்டது. தெற்கே போகும்போது வலப்பக்க ஜன்னலைப் பிடியுங்கள். காலி வரை கடல் உங்களை அடிக்கடி எட்டிப் பார்த்துக்கொண்டே வரும்.

◆ இலங்கையில் கடற்கரைக் காலம் முடிந்துபோனது என்று ஒரு மாதத்திலும் முழுதாகச் சொல்ல முடியாது. ஒரு கரை மூடினால் மறு கரை திறக்கும். மே மாதம் தென்மேற்குப் பருவக்காற்று எழுந்ததும் வெள்ளவத்தைக் கடல் கலங்கிப் பழுப்பாகி, கரைக்கல்லில் ஏறி அடிக்கத் தொடங்கும். அதே வாரம் நிலாவெளியில் கடல் குளம்போலக் கிடக்கும். நடுவில் நிற்கும் மலைநாடு மழையைத் தன்மேல் வாங்கிக்கொள்வதால் கிழக்குக் கரைக்கு வெயில் மிஞ்சுகிறது. ஆகவே மே முதல் செப்டெம்பர் வரை நிலாவெளி, உப்புவெளி, பாசிக்குடா, அறுகம்பே. டிசெம்பர் முதல் ஏப்ரல் வரை ஹிக்கடுவ, உனவட்டுன, மிரிஸ்ஸ. யாழ்ப்பாணத் தீவுகளுக்கு எனக்குப் பிடித்தவை மாசியும் பங்குனியும். ஐப்பசியிலிருந்து மார்கழி வரை மட்டும் வானிலை அறிவிப்பைக் கேட்காமல் படகில் கால் வைக்காதீர்கள்: மட்டக்களப்பைச் சிதைத்த 1978 புயல் நவம்பரில் வந்தது, தனுஷ்கோடியை அழித்த 1964 புயல் டிசெம்பரில் வந்தது.

◆ காற்றுகளுக்கு நம் கடலோடிகள் வைத்த பெயர்கள் இன்னும் உயிரோடு இருக்கின்றன. வடக்கிலிருந்து வருவது வாடை, கிழக்கிலிருந்து வருவது கொண்டல், தென்புறத்துக் காற்று சோளகம், மேற்குக் காற்று கச்சான். கைப்பேசியில் காட்டும் அம்புக்குறியைவிட, துறையில் நிற்கும் ஒருவரிடம் "இண்டைக்கு என்ன காத்து?" என்று கேட்பது பயனுள்ளது. அவர் சொல்லும் ஒரு சொல்லில் திசை, வேகம், மீன், மழை எல்லாம் அடங்கியிருக்கும்.

◆ காலிமுகத் திடலில் சுருளில் வாங்கிக் கொறிக்கிறோமே நிலக்கடலை, அதற்கும் இலங்கைத் தமிழில் கச்சான் என்றுதான் பெயர். ஒரே சொல், காற்றுக்கும் கடலைக்கும்.

◆ நோபல் பரிசு பெற்ற சிலி நாட்டுக் கவிஞர் பாப்லோ நெருடா வெள்ளவத்தையில் குடியிருந்தார். 1929இலும் 1930இலும் கொழும்பில் சிலியின் தூதரக அதிகாரியாக இருந்த காலத்தில், கடலோரத்து வீடொன்றில், ஒரு நாயும் கிரியா என்ற கீரியும் துணையாக வாழ்ந்தார். ஓவியர் ஜோர்ஜ் கீற்றும் புகைப்படக் கலைஞர் லயனல் வென்ட்டும் நண்பர்கள். தன் வாழ்வின் தனிமையான காலங்களில் ஒன்று அது என்று பின்னாளில் எழுதினார்.

இதுவரை நம் ஊர்ப் பெருமையாகச் சொல்லக்கூடிய கதை. மீதியையும் சொல்ல வேண்டும். அவர் இறந்த பின், 1974இல் வெளியான நினைவுக்குறிப்பு நூலில், தினமும் காலையில் மலக்கூடம் சுத்தம் செய்ய வந்த ஒரு தமிழ்ப் பெண்ணைத் தாம் வலுவில் கைப்பிடித்து இழுத்துச் சென்றதை அவரே எழுதியிருக்கிறார். அவள் ஒரு சொல்லும் பேசவில்லை, கண்ணை மூடவில்லை, தன்னை அவள் இகழ்ந்தது நியாயமே என்கிறார். 2018இல் சந்தியாகோ விமான நிலையத்துக்கு நெருடாவின் பெயரை வைக்க முயன்றபோது சிலி நாட்டுப் பெண்கள் இந்தப் பக்கத்தைக் காட்டித்தான் எதிர்த்தார்கள். அசோக ஹந்தகம 2021இல் எடுத்த 'அல்பொராடா' படமும் இதைப் பற்றியதே. அந்தப் பெண்ணின் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. வெள்ளவத்தைக் கரையில் மாலையில் நடக்கும்போது எனக்கு நினைவு வருவது கவிஞர் அல்ல, அவள்.

◆ தனியாகப் பயணம் போவோருக்கெல்லாம் மூதாதை என்று சொல்லத்தக்க இபுன் பதூதா, 1344இல் மாலைதீவிலிருந்து புறப்பட்டு இலங்கைக் கரையை அடைந்தார். புத்தளத்தில் அவரை வரவேற்றவர் யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்தி. அரசருக்குப் பாரசீக மொழி புரிந்தது என்றும், முத்துகளைக் காட்டி உபசரித்தார் என்றும் பயணி குறித்து வைத்திருக்கிறார். என்ன வேண்டும் என்று அரசர் கேட்டதற்கு, பாவாத மலைக்கு, அதாவது சிவனொளிபாத மலைக்கு, போக வேண்டும் என்றார். பல்லக்கும் வழித்துணையும் கிடைத்தன. திரும்பும் வழியில் பார்த்த 'கலன்பு' என்ற ஊரைத் தீவின் அழகான பெரிய நகரங்களில் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டார். நம் கொழும்புதான் அது.

◆ இலங்கையில் கடல்சார்ந்த தேசியப் பூங்காக்களாகப் புகழ்பெற்றவை இரண்டு: ஹிக்கடுவ, புறாத்தீவு. நிலாவெளிக் கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் தள்ளிக் கிடக்கும் புறாத்தீவை ஊரவர்கள் புறாமலை என்பார்கள். பாறை இடுக்குகளில் அடையும் மாடப்புறாக்களால் வந்த பெயர். பிரிட்டிஷ் கடற்படை இதைச் சுட்டுப் பழகும் இலக்காக வைத்திருந்தது. 1963இல் சரணாலயம், 2003இல் தேசியப் பூங்கா. சுமார் 100 வகைப் பவளங்களும் 300 வகைப் பாறை மீன்களும் இங்கே பதிவாகியிருக்கின்றன.

கரையிலிருந்து பத்தடி போனால் போதும். முகக்கண்ணாடியைத் தண்ணீரில் பதித்த கணம் சத்தம் எல்லாம் நின்றுவிடும். கீழே மான்கொம்புபோலக் கிளைத்த பவளம், அதற்குள் நீல மீன்கள். கொஞ்சம் பொறுமையாக மிதந்தால் கரும்துடுப்புச் சுறா ஒன்று ஓரமாகப் போகும். முதுகுத் துடுப்பின் நுனியில் மை தொட்டதுபோலக் கறுப்பு இருக்கும். ஆளைக் கண்டால் விலகிப் போகும் மீன் அது. நான் முதன்முறை கண்டபோது என் நெஞ்சு அடித்த சத்தம் எனக்கே கேட்டது. சுறாவோ என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை.

◆ அந்தத் தீவுக்குத் தனியாகப் போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய கணக்கு ஒன்று: வள்ளத்துக்கு வாடகை ஆள் கணக்கில் இல்லை, படகுக் கணக்கில். ஒருவர் போனாலும் முழுக் காசு. காலை ஏழு, ஏழரைக்கே துறைக்குப் போய், டிக்கெட் எடுக்கும் இடத்தில் நிற்கும் குடும்பத்திடம் "நானும் சேர்ந்து வரலாமா?" என்று கேளுங்கள். நான் கேட்டு ஒருவரும் மறுத்ததில்லை. பலமுறை பகல் சாப்பாட்டுப் பார்சலிலும் பங்கு கிடைத்திருக்கிறது. காலையில் போவதற்கு இன்னொரு காரணம், வெயில் ஏற ஏறக் கூட்டம் கூடும். கூட்டம் கூடினால் கால்கள் பவளத்தை மிதிக்கும்.

◆ மிதித்தால் என்ன? பாறைபோல் உருண்டு வளரும் பவளங்கள் ஆண்டுக்கு ஒரு சென்ரிமீற்றர் அளவே வளர்கின்றன. ஒரு செருப்படியில் உடைவது, பல பிள்ளைகளின் பள்ளிக் காலம்.

◆ பவளம் உயிரினம். அதன் நிறம் அதற்குள் குடியிருக்கும் நுண்பாசியின் நிறம். கடல் அளவுக்கு மேல் சூடானால் பாசி வெளியேறும், பவளம் வெளுக்கும். 1998இல் கற்பிட்டிக்கு அப்பாலுள்ள பார் ரீஃப் பவளத்திட்டின் பெரும்பகுதி இப்படித்தான் வெளுத்து இறந்தது. உலகளாவிய நான்காவது வெளுப்பு நடந்துகொண்டிருப்பதாக 2024 ஏப்ரலில் விஞ்ஞானிகள் அறிவித்தார்கள். சில வெயில் காப்புக் களிம்புகளும் பவளத்துக்குக் கேடு என்பதால் பலாவ், ஹவாய் ஆகிய இடங்களில் அவற்றை விற்கத் தடை இருக்கிறது. நீளக் கை வைத்த நீச்சல் சட்டை ஒன்று வாங்கினால் களிம்பு அரைவாசி மிச்சம்.

◆ வெள்ளை மணலில் ஒரு பங்கு, கிளிமீன் தின்று கழித்த பவளம். பெரிய கிளிமீன் ஒன்று ஓராண்டில் நூற்றுக்கணக்கான கிலோ மணலைக் கொட்டும்.

◆ நம் கரையில் கடல் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையிலான வித்தியாசம் ஒரு மீற்றருக்கும் குறைவு. மணலில் விரித்த துணியை அலை கொண்டுபோய்விடும் என்ற பயம் பெரும்பாலும் வேண்டாம்.

◆ இலங்கையில் ஒவ்வொரு பூரணையும் அரசு விடுமுறை. நிலாவெளி என்ற பெயர் ஏன் வந்தது என்று போயா இரவில் அந்தக் கரையில் இருந்து பார்த்தால் தெரிந்துவிடும். ரயில் இருக்கையை மட்டும் முன்கூட்டியே பதிவு செய்யுங்கள்; ஊரே விடுமுறையில் கிளம்பும்.

◆ தமிழ்க் காப்பியத்தில் தனியே ஒரு தீவின் கடற்கரையில் கண் விழித்த பெண் யார்? மணிமேகலை. உறக்கத்திலேயே தெய்வம் எடுத்துச் சென்று மணிபல்லவத்தில் விட, பொழுது விடியும்போது சுற்றிலும் மணலும் அலையுமே இருந்தன. அந்த மணிபல்லவம் நயினாதீவுதான் என்று கருதும் அறிஞர்கள் உண்டு. அதே காப்பியத்தில் இன்னொரு பயணியும் வருகிறான்: ஆபுத்திரன். சாவகத்துக்குப் போகும் கப்பல் காற்றுக்கு ஒதுங்கி அந்தத் தீவில் நின்றபோது இறங்கினான். அவன் ஏறியிருப்பான் என்று நினைத்துக் கப்பல் இரவில் புறப்பட்டுவிட்டது. ஆளில்லாத தீவில் யாருக்கும் சோறு போட முடியாத அமுதசுரபியை வைத்துக்கொண்டு என்ன செய்வான்? கோமுகிப் பொய்கையில் அதை விட்டுவிட்டு உண்ணாமல் உயிர் நீத்தான். அந்தப் பாத்திரம்தான் பிறகு மணிமேகலை கைக்கு வந்தது.

நெடுந்தீவிலோ நயினாதீவிலோ இறங்கியதும் நான் கேட்கும் முதல் கேள்வி, "கடைசி வள்ளம் எத்தினை மணிக்கு?" ஆபுத்திரனிடம் படித்த பாடம்.

◆ நயினாதீவில் நாகபூசணி அம்மன் கோயிலும் நாகதீப விகாரையும் நடந்து போகும் தூரத்தில் இருக்கின்றன. குறிகட்டுவான் துறையிலிருந்து வள்ளத்தில் கால் மணி நேரம் போதும். வெள்ளவத்தையில் இரவு புறப்படும் சொகுசு பஸ்ஸில் ஏறினால், யாழ்ப்பாணத்தில் இறங்கி, வேலணை, புங்குடுதீவு வழியாகத் தாம்போதிகளில் இருபக்கமும் கடல் பார்த்துக்கொண்டே மறுநாள் முற்பகலில் துறைக்கு வந்துவிடலாம். ரயில்தான் வேண்டும் என்பவர்களுக்கு யாழ்தேவி: 1956இல் ஓடத் தொடங்கியது, போரால் 1990இல் நின்றது, 2014 ஒக்டோபரில் மீண்டும் யாழ்ப்பாணம் வந்தது.

◆ காரைநகரின் பெயர் ஒரு காலத்தில் அம்ஸ்ரடாம். ஒல்லாந்தர் தங்கள் வரைபடத்தில் நம் தீவுகளுக்கெல்லாம் தங்கள் ஊர்ப் பெயர்களை ஒட்டினார்கள்: வேலணை லெய்டன், புங்குடுதீவு மிடில்பேர்க், அனலைதீவு ரொட்டர்டாம், நயினாதீவு ஹார்லெம், நெடுந்தீவு டெல்ஃப்ட். கடைசி ஒன்றுதான் ஆங்கிலத்தில் நிலைத்தது. மற்ற எல்லாவற்றையும் ஊர்ச்சனம் சொல்லிச் சொல்லியே தமிழில் காப்பாற்றிவிட்டார்கள். நெடுந்தீவையும் அவர்கள் ஒரு நாளும் டெல்ஃப்ட் என்று சொன்னதில்லை.

◆ நெடுந்தீவில் வேலிகள் முருகைக்கல்லால் ஆனவை. சாந்து இல்லை, சீமெந்து இல்லை. கடல் தந்த பவளக் கல்லை ஒன்றன்மேல் ஒன்றாகச் சும்மா அடுக்கியே மைல் கணக்கில் கட்டியிருக்கிறார்கள். காற்று கல்லிடுக்கு வழியே போய்விடுவதால் வேலி சாய்வதில்லை. ஏறக்குறைய 50 சதுர கிலோமீற்றர் தீவு. ஐரோப்பியர் காலத்தில் வந்து, பிறகு கட்டவிழ்த்து விடப்பட்ட குதிரைகளின் வழிவந்தவை மேற்குப் புல்வெளியில் கூட்டமாகத் திரிகின்றன. கடும் வறட்சியில் அவை தண்ணீரின்றிச் சாகும் ஆண்டுகளும் உண்டு. உள்ளே ஆள் நுழையும் அளவு பொந்துள்ள பெருக்கமரம், ஆபிரிக்காவிலிருந்து வணிகரோடு வந்த இனம். தூது கொண்டுபோகும் புறாக்களுக்கு ஒல்லாந்தர் கட்டிய புறாக்கூடும் நிற்கிறது.

முதன்முறை போனபோது படகில் ஓரமாக, காற்று வாங்கலாம் என்று உட்கார்ந்தேன். வயதான படகோட்டி ஒருவர் வந்தார்.

"பிள்ளை, தனியவோ வந்தனீங்கள்?"

"ஓம் ஐயா."

"அப்ப நடுவிலை இருங்கோ. ஓரத்திலை இருந்தா நனைஞ்சுபோவியள். அங்கை இறங்கினாப் பிறகு, வெய்யிலுக்கு முதல் கோட்டையைப் பாத்துப்போட்டு வாங்கோ. தண்ணி கொண்டு வந்தனீங்களோ?"

எந்த வழிகாட்டி நூலிலும் இவ்வளவு சுருக்கமாக நெடுந்தீவைச் சொன்னவரில்லை. நடுவில் இருந்தேன். ஓரத்தில் இருந்த மூவரும் நனைந்தார்கள்.

◆ அதே கடல்வழியில் 1985 மே 15ஆம் திகதி குமுதினி என்ற படகு நெடுந்தீவிலிருந்து பயணிகளோடு வந்துகொண்டிருந்தது. நடுக்கடலில் நிறுத்தப்பட்டு, பெண்களும் குழந்தைகளும் உட்பட 20க்கும் மேற்பட்டோர் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். கடற்படையினரே செய்தார்கள் என்று உயிர் தப்பியவர்கள் சாட்சி சொன்னார்கள். எவரும் தண்டிக்கப்படவில்லை. குமுதினி அதன் பிறகும் பல ஆண்டுகள் அதே வழியில் சனத்தை ஏற்றி இறக்கியது. தீவுக்கு வேறு வழியில்லை. அந்தத் தண்ணீரில் போகும்போது கைப்பேசியைக் கொஞ்ச நேரம் கீழே வைக்கலாம்.

◆ கொட்டாஞ்சேனைக்காரருக்குத் தெரிந்த கதை: ஒல்லாந்தர் கத்தோலிக்க மதத்தைத் தடை செய்திருந்த காலத்தில், மாறுவேடத்தில் ஒளிந்து திரிந்த ஒரு குருவானவரிடம் மீனவர்கள் வந்து, கடல் கரையை அரித்துத் தங்கள் குடிசைகளை விழுங்குகிறது என்று முறையிட்டார்கள். அவர் கரையில் சிலுவையை நட்டு மன்றாட, மூன்றாம் நாள் மணல்திட்டு எழுந்து கடல் பின்வாங்கியது என்பார்கள். கொச்சிக்கடை அந்தோனியார் கோயில் நிற்பது அந்த இடத்தில் என்பது வழிவழி நம்பிக்கை. 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலில் இரத்தம் சிந்திய கோயில் அது. சில வாரங்களிலேயே, ஜூன் மாதத்தில், திருநாளுக்கு முன் மீண்டும் திறந்தார்கள். செவ்வாய்க்கிழமைகளில் சைவர்களும் பௌத்தர்களும் மெழுகுதிரியோடு வரிசையில் நிற்பது இன்றும் மாறவில்லை. நீண்ட கடற்பயணத்துக்கு முதல் அங்கே ஒரு திரி கொளுத்திவிட்டுப் போ என்று ஜம்பெட்டா வீதியில் இருந்த என் பெரியம்மா சொல்லுவா. நானும் கொளுத்திவிட்டுத்தான் போகிறேன்.

◆ அதே அந்தோனியாருக்கு நடுக்கடலிலும் ஒரு கோயில் உண்டு. கச்சதீவின் பரப்பு 285 ஏக்கர், குடிநீர் இல்லை, குடியிருப்பு இல்லை. ஆண்டுக்கு ஒருமுறை மாசி, பங்குனி அளவில் வரும் திருவிழாவுக்கு மட்டும் இலங்கை, இந்தியா என இரு கரையிலிருந்தும் தமிழர்கள் படகில் வந்து ஒரே மணலில் படுத்து எழும்புவார்கள். தனியாகப் போனாலும் அங்கே எவரும் தனியாக இருப்பதில்லை.

◆ கொழும்பு 15இல் மட்டக்குளியில் ஒரு 'தீவு' இருக்கிறது: காக்கைத்தீவு. பெயர்தான் தீவு, களனி கங்கை கடலில் விழும் இடத்தருகே உள்ள கடற்கரைப் பூங்கா. கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ்ஸில் போய் மாலையில் உட்கார்ந்துவிட்டு வரலாம்.

◆ இரண்டு ஓடு வைத்த படகை உலகம் முழுக்கக் 'கற்றமரான்' என்கிறார்கள். நம் கட்டுமரம் என்ற சொல்தான். ஆனால் பொருள் மாறிவிட்டது. நம் கட்டுமரத்துக்கு ஓடே கிடையாது. மரங்களைச் சேர்த்துக் கயிற்றால் கட்டுவதுதான் அது.

◆ வல்வெட்டித்துறையில் கட்டிய பாய்க்கப்பல் ஒன்று அமெரிக்கா போய்ச் சேர்ந்தது. பெயர் அன்னபூரணி அம்மாள். 1930இல் வேப்ப மரத்தால் கட்டியது, நீளம் 89 அடி. சிறு பாய்மரப் படகில் உலகைச் சுற்றி வந்து பெயர் பெற்ற வில்லியம் அல்பேர்ட் றொபின்சன் என்ற அமெரிக்கர் இதைக் கண்டு விரும்பி வாங்கினார். தம் மனைவியின் பெயரை வைத்தார். கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியவர்கள்? வல்வெட்டித்துறைக் கடலோடிகளே. தண்டையல் தம்பிப்பிள்ளையும் உடன் சென்ற ஊரவரும் செங்கடல், மத்தியதரைக் கடல், அத்திலாந்திக் எல்லாம் கடந்து 1938 ஓகஸ்ட் முதலாம் திகதி மாசச்சூசெற்ஸ் மாநிலத்துக் குளோஸ்ரர் துறைமுகத்தில் நங்கூரம் போட்டார்கள். அமெரிக்கப் பத்திரிகைகள் எழுதின. வேட்டி கட்டிய மாலுமிகளைப் பார்க்க அந்தத் துறையில் கூட்டம் கூடியிருக்கும்தானே! நம் பாடப்புத்தகத்தில் கொலம்பஸுக்கு இருக்கும் இடத்தில் கால்வாசியாவது இவர்களுக்கு வேண்டும்.

◆ படகே இல்லாமல் கடந்தவர்களும் உண்டு. தொண்டைமானாறு மு. நவரத்தினசாமி 1954இல் வல்வெட்டித்துறையிலிருந்து கோடிக்கரைக்குப் பாக்கு நீரிணையை நீந்திக் கடந்தார். வல்வெட்டித்துறை ஆழிக்குமரன் ஆனந்தன் 1971இல் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்குப் போய், கரையில் தங்காமல் திரும்பியும் நீந்தி வந்தார்: 51 மணி நேரம். 1984 ஓகஸ்ட்டில் ஆங்கிலக் கால்வாயை நீந்தும் முயற்சியில் கடலிலேயே உயிர் விட்டார். 2022 மார்ச்சில் மும்பையின் ஜியா ராய், பேச்சு எளிதில் வராத ஓட்டிசம் உள்ள 13 வயதுச் சிறுமி, தலைமன்னார் முதல் அரிச்சல்முனை வரை 13 மணி 10 நிமிடத்தில் வந்து சேர்ந்தாள்.

◆ உலகின் பெரும்பாலான நீலத்திமிங்கிலங்கள் தீனிக்குத் துருவக் கடலுக்கும், குட்டி ஈனுவதற்கு வெப்பக் கடலுக்கும் அலைகின்றன. இலங்கையைச் சுற்றியுள்ளவை அப்படி இல்லை. ஆண்டு முழுதும் வட இந்து சமுத்திரத்திலேயே இருக்கின்றன. இதைத் தொடர்ந்து ஆராய்ந்து உலகுக்குச் சொன்னவர் இலங்கையின் கடலுயிரியலாளர் ஆஷா டி வோஸ். நவம்பர் முதல் ஏப்ரல் வரை மிரிஸ்ஸவிலும், அதன் பின் திருகோணமலையிலும் பார்க்கலாம். தெவுந்தர முனைக்கு அப்பால் கப்பல்கள் ஓடும் நெடுஞ்சாலையும் திமிங்கிலங்களின் மேய்ச்சல் நிலமும் ஒன்றாக இருந்து பல உயிர் போனது. 2022இல் எம்எஸ்சி கப்பல் நிறுவனம் தன் கப்பல்களைத் தெற்கே தள்ளிப் போகச் சொன்னது. திமிங்கிலத்தைத் துரத்தும் படகோட்டியிடம் "பின்னாலே போக வேண்டாம் அண்ணே, நின்று பார்ப்போம்" என்று சொல்ல நமக்கும் உரிமை இருக்கிறது. காசு கொடுத்தவர்கள் நாம்.

◆ கரையில் பருப்பு அளவில் வெள்ளை மணி ஏதும் கண்டால் சிப்பி என்று நினைக்காதீர்கள். 2021 மே மாதம் கொழும்புக்கு அப்பால் தீப்பிடித்து, பிறகு மூழ்கிய எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பலிலிருந்து ஏறத்தாழ 1,680 தொன் பிளாஸ்டிக் மணிகள் கடலில் கொட்டின. அந்த வகையில் உலகின் மிகப் பெரிய விபத்து இது. இலங்கை உயர் நீதிமன்றம் 2025 ஜூலையில் 100 கோடி அமெரிக்க டொலர் நட்டஈடு செலுத்த உத்தரவிட்டது.

◆ உலகில் கடலாமை இனங்கள் ஏழு. அவற்றில் ஐந்து இலங்கைக் கரைக்கு வந்து முட்டையிடுகின்றன. இரவில் ஆமை ஏறும் கரையில் டோர்ச்சும் கமரா ஒளியும் வேண்டாம். வெளிச்சம் கண்டால் முட்டையிடாமல் திரும்பிவிடும்.

◆ கரையில் அலை உடையாமல், கறுத்த தெருபோலக் கடலுக்குள் ஓடும் ஒரு பட்டை தெரிந்தால் அங்கேதான் குளிக்க இதமாக இருக்கும் என்று தோன்றும். இறங்கக் கூடாது. கரைக்கு வந்த நீர் திரும்பிப் போகும் இழுவை அது. அகப்பட்டால் கரையை நோக்கி எதிர்த்து நீந்திக் களைத்துப்போகாதீர்கள். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்துங்கள். பட்டை குறுகியதுதான், சீக்கிரம் வெளியே வந்துவிடலாம். தனியாகப் போகிறவர்கள் பொலிஸ் உயிர்காப்பாளர் நிற்கும் இடத்தில் மட்டும் இறங்குங்கள். சிவப்புக் கொடி என்றால் அன்றைக்கு மணலோடு சரி. தீவுப் படகில் உயிர்காப்பு அங்கி தராவிட்டால் கேளுங்கள். கேட்டும் தராத படகொன்றிலிருந்து நான் ஒருமுறை இறங்கி அடுத்த படகுக்குக் காத்திருந்திருக்கிறேன். ஒரு மணி நேரந்தான் போனது.

◆ 2004 டிசெம்பர் 26 காலையில் கொழும்புக் கோட்டையிலிருந்து மாத்தறைக்குப் புறப்பட்ட ரயில், வெள்ளவத்தைக் கரையைத் தாண்டித்தான் தெற்கே போனது. ஹிக்கடுவைக்கு முன்னால் பெரேலியவில் சுனாமியின் முதல் அலை வந்து அதை நிறுத்தியது. இரும்புப் பெட்டி உறுதியானது, தப்பலாம் என்று ஊர்ச்சனமும் ஓடிவந்து ஏறிக்கொண்டது. சிறிது நேரத்தில் வந்த பெரிய அலை முழு ரயிலையும் புரட்டிப் போட்டது. 1,700 பேர் வரை இறந்தார்கள். உலக வரலாற்றில் இதைவிடப் பெரிய ரயில் அழிவு இல்லை. முதல் அலைக்கும் அடுத்ததற்கும் நடுவே நேரம் இருக்கும் என்பதும், கடல் வழமைக்கு மாறாக உள்வாங்கினால் மீன் பார்க்கப் போகாமல் மேட்டுக்கு ஓட வேண்டும் என்பதும் அன்று அந்தக் கரையில் அநேகருக்குத் தெரிந்திருக்கவில்லை. கனடா அன்பளிப்பாகத் தந்த மனிற்றோபா என்ற அந்த இன்ஜினைத் திருத்தி, பக்கத்தில் ஓர் அலையை வரைந்து, மீண்டும் ஓட விட்டார்கள். டிசெம்பர் 26ஆம் திகதிகளில் அது பெரேலியவுக்கு வந்து நிற்கிறது.